உப்புப் பூத்த பாறை: தங்கச்சிமடத்து வீட்டில் ஒரு தாடி ஓணானுக்கு இரண்டு முறை கட்டிய கூண்டு

பாறை பூத்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது அந்த வீட்டு அம்மாதான். 2024 ஜூன் கடைசி வாரம். கச்சான் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்த நாள்கள். "அண்ணே, நீங்கள் கட்டிய மலையில் பனி விழுந்திருக்கிறது, வந்து பாருங்கள்" என்று போனில் சொன்னார். கேலிதான். போய்ப் பார்த்தேன். செங்காவி பூசிய பாறையின் இடுக்குகளில் எல்லாம் பஞ்சு பிரித்துப் போட்டதுபோல் வெள்ளை படர்ந்திருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். உப்பு. பக்கத்தில் அந்த ஓணான் கண்ணை மூடி, வாயைச் சற்றே திறந்து படுத்திருந்தது. என்னைப்போல அதுவும் நக்கியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

எனக்குத் தொழில் பாறை கட்டுவது. மாதா கெபி (மாதா சுரூபம் வைக்கும் குகை), கிறிஸ்துமஸ் குடில், மண்டப வாசலில் தண்ணீர் கொட்டும் குகை என்று இந்தக் கரையோரத்தில் பல ஊர்களில் என் பாறைகள் நிற்கின்றன. இயற்கைப் பாறைக்குப் பஞ்சமான சீமை இது. தங்கச்சிமடம் இருக்கும் ராமேஸ்வரம் தீவில் 'பர்வதம்' என்று பெயர் வாங்கிய கந்தமாதனமே ஒரு மணல்மேடுதான். ஆகவே பிழைப்புக்குக் குறைவில்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பி, கண்ணாடிப் பெட்டிக்குள் பாறை கட்டித் தரக் கேட்டபோது, சின்ன கெபி என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். கெபிக்குள் இருப்பது சுரூபம். அது மூச்சு விடாது. பிழை அங்கேதான் தொடங்கியது.

விலங்கைப் பற்றி இரண்டு வார்த்தை. தாடி ஓணான் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துப் பிராணி. சினந்தால் தொண்டைப் பை கறுத்துப் புடைத்துத் தாடிபோல் நிற்கும். பகலில் 40 டிகிரி அளவில் சூடேறிய ஓரிடமும், ஒதுங்கிக்கொள்ள 25 முதல் 28 டிகிரி வரையுள்ள இன்னோரிடமும் அதற்கு ஒரே கூண்டுக்குள் வேண்டும். ஈரப்பதம் 30, 40 சதவீதம் போதும். இந்தக் கடைசி எண்ணைப் படித்துவிட்டு எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்கலாம். இங்கே வடாம் காயவே வெயில் உச்சிக்கு வரவேண்டும்.

வீட்டுப் பாட்டிக்கு இந்த விஷயமே பிடிக்கவில்லை. "வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டது போல" என்ற பழமொழி அவர் வீட்டில் நேராகவே நடக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னார். போதாததற்கு, அணை கட்டிய ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது என்ற கதை வழங்கும் தீவு இது. இங்கே காசு கொடுத்து ஓணான் வாங்கியவன் பேரன்.

சட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூண்டு கட்டிக் கொடுப்பவனிடம் எல்லாம் வந்து நிற்கும். உடும்பு, நட்சத்திர ஆமை, கடலாமை எதற்கும் நான் கூண்டு கட்டமாட்டேன். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டு இனங்களுக்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு. 2022 திருத்தத்தில் சேர்ந்த நான்காம் அட்டவணையில் உள்ள இனம் என்றால், 2024இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். வாங்கும் முன்பே அட்டவணையைப் பார்த்துவிடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தம்பி இரண்டையும் செய்திருந்தார்.

முதல் கூண்டு

2024 ஜனவரியில் கட்டியது. மீன் தொட்டிக்கடையில் செய்த மூன்றடிக் கண்ணாடிப் பெட்டி, மேலே மட்டும் வலை மூடி. அடியில் மூன்று அங்குலம் கடற்கரை மணல். பின்சுவரில் தெர்மாகோலைச் செதுக்கி, மேலே சிமெண்ட் பூசி, வண்ணம் தீட்டிய பாறை. முன்புறம் மணலின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நிஜமான பலகைக் கற்கள். அதற்கடியில் ஓணான் நுழைந்துகொள்ள ஓர் இடுக்கு. பார்க்க அருமையாக இருந்தது. போட்டோ எடுத்து என் தொழில் ஆல்பத்திலும் ஒட்டினேன்.

தம்பி முதலில் கேட்டது பவளக்கல். கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதே, துளைத்துளையாக எடைகுறைந்து அழகாக இருக்கிறதே என்றார். பழைய வீடுகளின் சுவரையே அதைக் கொண்டு எழுப்பிய கரைதான் இது. ஆனால் பவளங்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்து ஒதுங்கிய துண்டை எடுத்து வந்தாலும் வில்லங்கம். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போனதே, பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததால்தான். அந்தக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் புத்திசாலியாக இருந்திருக்கிறேன்.

முதல் விபத்து ஏப்ரலில் நடந்தது. ஓணான் குழி தோண்டும். அது தன் வழக்கப்படி பலகைக் கல்லுக்கு அடியில் மணலைப் பறித்திருக்கிறது. கல் சரிந்தது. நல்ல வேளை, உடம்பு வெளியே இருந்தது. வால் நுனி மட்டும் மாட்டிக்கொண்டது. இரண்டு வாரத்தில் நுனி கறுத்துக் காய்ந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உதிர்ந்தது. நம் வீட்டுப் பல்லிக்கு வால் அறுந்தால் முளைக்கும். இதற்கு முளைக்காது. இன்றும் அந்த மொட்டை வாலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. கல்லை முதலில் பெட்டியின் அடித்தளத்தில் நேராக உட்கார்த்தி, பிறகுதான் சுற்றிலும் மண்ணை நிரப்பவேண்டும். அஸ்திவாரத்தை மணலில் போடக்கூடாது என்று கொத்தனாருக்கு எவனாவது சொல்லித் தருவானா? நான் போட்டிருந்தேன்.

அடுத்து வந்ததுதான் பனி. ஜூனில் உப்புப் பூத்த அதே வாரத்தில் ஓணான் சாப்பாட்டைக் குறைத்தது. ஏப்ரலில் 340 கிராம் இருந்தது 298 கிராமாக இறங்கியது. வெயில் காயும்போது வாயைத் திறப்பது அதற்கு இயல்பு. உடம்புச் சூட்டைத் தணிக்கும் வழி அது. இது விளக்கு அணைந்த பிறகும் இரவில் வாயைத் திறந்து வைத்திருந்தது, எச்சில் நூல்போல் இழுத்தது. நம் பக்கத்தில் ஆடு, மாடு பார்க்கும் டாக்டர்கள் உண்டு. ஓணான் பார்க்கிறவர் இல்லை. தம்பி வெளியூர் மருத்துவர் ஒருவரிடம் வீடியோவில் காட்டி, பிறகு நேரில் கொண்டுபோனார். சுவாசப்பையில் தொற்று, தொடக்க நிலை. மருந்து கொடுத்த மருத்துவர் கேட்ட ஒரே கேள்வி: "கூண்டுக்குள் ஈரப்பதம் எவ்வளவு?" யாரும் அளந்ததில்லை. அளவுக் கருவி வாங்கி வைத்தோம். இரவில், குளிர்ந்த மூலையில், 86 சதவீதம்.

உப்பு எங்கிருந்து வந்தது

ஒரு நாள் முழுக்க அந்தப் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தேன். உப்பு மூன்று வழியாக உள்ளே வந்திருக்கிறது.

கடற்கரை மணல் ஒன்று. வெயிலில் காய்ந்ததுபோல் தெரியும். ஆனால் கடலுப்பில் உள்ள மக்னீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஓதக்காற்றில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தப் பெட்டிக்குள் மூன்று அங்குல உயரத்துக்கு ஓர் உப்பு ஜாடியை நான் கொட்டி வைத்திருக்கிறேன்.

தெர்மாகோல் இரண்டாவது. மீன் ஏலக்கூடத்தில் கழித்துப் போட்ட ஐஸ் பெட்டிகளைக் காசில்லாமல் வாங்கி வந்திருந்தேன். கணவாய் வாசம் போக ஒருமுறை அலசியதோடு சரி.

மூன்றாவதும் பெரியதும் தண்ணீர். சிமெண்டைக் கலந்ததும், பூசிய பின் ஏழு நாள் நனைத்து ஆற்றியதும் அந்த வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில். தீவில் பல இடங்களில் ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணீர்தான். நனைக்க நனைக்க உப்பைப் பாறைக்குள் ஏற்றியிருக்கிறேன். காயும்போது நீர் மட்டும் வெளியேறும். உப்பு மேற்பரப்புக்கு வந்து பூக்கும். கெபிகளிலும் இப்படிப் பூத்திருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி வண்ணம் அடித்துக் கூலி வாங்கியிருக்கிறேன்.

இவற்றோடு, மேலே மட்டும் திறப்புள்ள கண்ணாடிப் பெட்டி. கீழே காற்று நுழைய வழியில்லாததால், உள்ளே கசியும் ஈரம் சரியாக வெளியேறவில்லை.

தம்பி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அது இல்லாமல் இரண்டாவது கூண்டு நின்றிருக்காது. வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றை, ஒரு துளி ஈரம் கூட்டாமல் குறைக்காமல், 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 41 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 32 டிகிரியில் 63 அளவில் நிற்கும். அதாவது விளக்கின் கீழ் பாலைவனம் தானாகவே அமைந்துவிடும். நாம் புதிதாக ஈரம் சேர்க்காமல், காற்று ஓடவிட்டால் போதும். தொல்லை குளிர்ந்த மூலையிலும் இரவிலும்தான். அதற்குத் தம்பியின் அறையில் ஏற்கெனவே விடை இருந்தது. இரவு முழுக்க ஏசி ஓடும் அறை அது. ஏசி காற்றின் ஈரத்தைப் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. 26 டிகிரி, 55 சதவீதம். வெயில் பிராணிக்கு ஏசி அறையா என்று நானே வாயைப் பிளந்தேன். இரவில் 24, 25 டிகிரிக்கு இறங்குவது அதற்கு நல்லதுதான் என்று மருத்துவரும் சொன்னார். காற்று நேராக முகத்தில் அடிக்கக்கூடாது, அவ்வளவே.

இரண்டாம் கூண்டு

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினோம். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். மரைன் பிளைவுட் பெட்டி, முன்னால் தள்ளு கண்ணாடி. முன்பக்கம் கீழே நீளவாக்கில் ஒரு காற்றுவழி, பின்பக்கம் மேலே இன்னொன்று. சூடான காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று வரும். வலை, திருகு, கீல் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. இந்தக் கரையில் சாதாரணத் திருகு துருவேறி மரத்தையும் கறையாக்கிவிடும்.

பாறைக்கு மறுபடியும் ஐஸ் பெட்டிதான். இம்முறை வெட்டிய துண்டுகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மூன்று முறை மாற்றி, நாக்கில் வைத்தால் உப்புக் கரிப்பு போகும் வரைக்கும் விடவில்லை. கத்தியாலும் கம்பி பிரஷ்ஷாலும் செதுக்கினேன். சூட்டுக்கம்பியால் வெட்டுவது வேகமாக நடக்கும், ஆனால் அந்தப் புகை தலையைச் சுற்றவைக்கும். வெட்டவெளியில் மட்டும் செய்யவேண்டிய வேலை. செதுக்கும்போது உதிரும் வெள்ளை மணிகளைப் பழைய கொசுவலையைச் சுற்றிக் கட்டிப் பிடித்தேன். பறந்தால் நேரே பாக் விரிகுடாவுக்குப் போய்விடும். ஒட்டுவதற்கு நீரில் கரையும் பசை மட்டும். தின்னர் கலந்த எதுவும் தெர்மாகோலைத் தின்று குழியாக்கும்.

கலவைக்குக் கழுவிய எம்.சாண்ட், சிமெண்ட். தண்ணீர்? காவிரி. கூட்டுக் குடிநீர்க் குழாயில் வந்ததைக் குடத்தில் பிடித்து வைத்தார்கள். "குடிப்பதற்கே முறைவைத்துப் பிடிக்கிறோம். கல்லுக்குக் காவிரித் தண்ணீரா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டேன்.

முதல் பூச்சு தோசை மாவுப் பதம், தெர்மாகோலின் துளைகளுக்குள் இறங்குவதற்காக. அடுத்தது இட்லி மாவு. மூன்றாவது வடை மாவுப் பதம். அதில்தான் உருவம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. மூன்றும் சேர்ந்து எட்டு மில்லிமீட்டர் கனம். இதைவிடக் குறைந்தால் ஓணானின் நகம் நாளடைவில் தெர்மாகோலைத் தொட்டுவிடும். வெளியே வரும் மணிகளை அது தின்னவும் செய்யும்.

மூன்றாம் பூச்சில் விரல் வைத்தால் பதியவேண்டும், ஒட்டக்கூடாது. அந்த நேரம் வந்ததும் தென்னையின் பன்னாடையை, மட்டையடியில் வலைபோல் இருக்கும் அந்த நாரை, கசக்கி அழுத்தி எடுத்தேன். (திட்டுவதற்குத் தவிர வேறெதற்கும் அந்தச் சொல் இப்போது பயன்படுவதில்லை என்பது வருத்தம்.) பின்னல் பின்னலாகப் பதிந்த கோடுகளைப் பனைமட்டைக் கருக்கால் அங்கங்கே கீறிவிட்டால், காற்றும் மழையும் தின்ற பாறையாகிவிடும். நகம் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும். வயிற்றுத் தோலைக் கிழிக்கும் கூர்மை கூடாது. இறுகிய பின் ஈரச் சாக்கால் தேய்த்து, என் முழங்கையின் உட்புறத்தை அதில் உரசிப் பார்த்தேன். எரிச்சல் நிற்கும் வரை தேய்த்தேன்.

ஏழு நாள் காவிரியில் நனைந்த சாக்கைப் போர்த்தி ஆற்றினேன். அதன் பிறகு சிமெண்டின் காரத்தை எடுக்க, துண்டுகளைத் தண்ணீரில் போட்டு மாற்றி மாற்றி வைத்தேன். காரம் போய்விட்டதா என்று எப்படி அறிவது? தம்பி லிட்மஸ் தாள் வாங்கப் புறப்பட்டார். அதற்குள் அம்மா ஒரு வெள்ளைத் துணியில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்தார். ஆரத்தி எடுக்கிற வீட்டில் இது தெரியாதா? மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஈரமான பாறையில் துணியை ஒற்றினோம். முதல் வாரம் ஆரத்திச் சிவப்பு. இரண்டாம் வாரம் செங்கல். நான்காம் வாரம்தான் துணி மஞ்சளாகவே இருந்தது. அதன் பிறகே காவி, கறுப்பு நிறப்பொடிகளை நீர்வழி அக்ரிலிக்கில் கலந்து தீட்டி, வாடையில்லாத மெருகைப் பூசி, மேலும் இரண்டு வாரம் ஆறவிட்டேன்.

பாறை ஒரே துண்டாக இல்லை. ஒரு கையால் தூக்கக்கூடிய மூன்று துண்டுகள். கை போகாத பொந்து எதையும் வைக்கவில்லை. நோய்ப்பட்டு உள்ளே ஒடுங்கும் பிராணியை எடுக்க முடியவேண்டும். தப்பித்து ஒளிந்த வெட்டுக்கிளியையும் எடுக்க முடியவேண்டும். பசித்த பூச்சி இரவில் தூங்கும் ஓணானைக் கடிக்கும். ஒளியும் இடுக்கு, உடம்பு உரசிக்கொண்டு நுழையும் அளவு. பெரிதாக வைத்தால் அது அங்கே போவதில்லை.

வெயில் காயும் இடத்தில் நான் இன்னொரு பிழையைத் தவிர்த்தது தற்செயல். தெர்மாகோல் பாறையை விளக்கின் கீழ் வைத்து, துப்பாக்கிபோல் பிடித்து அளக்கும் வெப்பமானியால் பார்த்தோம். இருபது நிமிடத்தில் 58 டிகிரி. விளக்கை அணைத்ததும் ஐந்தாறு நிமிடத்தில் அறைச் சூடு. உள்ளே தெர்மாகோல் இருப்பதால் சூடு இறங்க இடமில்லை, தங்கவும் இடமில்லை. எண்பது டிகிரியை நெருங்கினால் தெர்மாகோலே இளகத் தொடங்கும். ஆகவே அந்த இடத்தில் சமையலறை மேடைக்குப் போடும் கடப்பா கல்லில் ஒரு துண்டு: 30 சென்டிமீட்டருக்கு 20, இரண்டு சென்டிமீட்டர் கனம், மூன்று கிலோவுக்குச் சற்று மேல். மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, பெட்டியின் அடித்தளத்திலிருந்து எழும்பும் செங்கல் மேடையில் உட்கார்த்தினேன். 41 டிகிரிக்கு வர ஒரு மணி நேரம் பிடிக்கிறது. விளக்கு அணைந்தும் நெடுநேரம் கதகதப்பு நிற்கிறது. மாலையில் ஓணான் அதன்மேல் வயிற்றைப் பரப்பி, மாவு தட்டியதுபோல் படுத்துக்கொள்கிறது.

விளக்குக்குப் பீங்கான் ஹோல்டர், சூடு கட்டுப்படுத்தும் கருவி. புற ஊதா ஒளிக்குத் தனிக் குழல்விளக்கு, கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில், இடையில் கண்ணாடி இல்லாமல். கண்ணாடி அந்த ஒளியில் தேவையான பகுதியைத் தடுத்துவிடும். இதே காரணத்தால் கண்ணாடிப் பெட்டியோடு வெயிலில் வைப்பதில் பயனில்லை. அடுப்பில் வைத்ததற்குச் சமம். காலை வெயிலில், நிழலும் உள்ள வலைக்கூடையில், இருபது நிமிடம் திண்ணையில் வைக்கிறார்கள். தரைக்குச் சொரசொரப்பான ஓடு. தோண்டுவதற்கு ஒரு மூலையில் செம்மண் தொட்டி. மணல் இல்லை.

செலவு மொத்தம் 31,000 ரூபாய். அதில் பாறைக்கு ஆனது 3,000கூட இல்லை. என் கூலி வாங்கவில்லை. வாங்கும் முகம் எனக்கு இல்லை.

நவம்பர்

ஓணான் புதுக் கூண்டுக்குள் போனது தீபாவளிக்குப் பின். நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடத்திலும் தெருவெல்லாம் வெள்ளம். அந்த வீட்டில் கரண்ட் இல்லை. விளக்கும் இல்லை, ஏசியும் இல்லை. கூண்டுக்குள் ஈரப்பதம் 88. கரி அடுப்பு மூட்டி அறையில் வைக்கலாமா என்று அம்மா கேட்டதாகத் தம்பி போனில் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்தப் புகை மனிதனையே கொல்லும். மருத்துவர் சொன்னது ஒன்றுதான்: சூடு இல்லாதபோது இரை செரிக்காது, விளக்கு வரும் வரை தீனி போடாதீர்கள். ஈரமான காற்று அப்படியே தேங்கிவிடாமல் இரண்டு காற்றுவழியும் திறந்தே இருந்தன.

கரண்ட் வந்த மறுநாள் மாலை சூடான மூலையில் 44 சதவீதம். வாயில் நுரை இல்லை. டிசம்பர் கடைசியில் எடை 352 கிராம்.

பிப்ரவரியில் ஒருமுறை போனேன். பின்பாறை சுத்தமாக இருந்தது. ஆனால் முன்துண்டின் அடிவிளிம்பில், நகக்கண் அகலத்துக்கு, மெல்லிய வெள்ளைக் கோடு. நாக்கில் வைத்தேன்; அதே கரிப்பு. யார் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால், ஓட்டுத் தரையைப் பாட்டி தினமும் ஈரத்துணியால் துடைக்கிறாராம், ஆழ்குழாய்த் தண்ணீரில். ஓணான் பக்கமே போகமாட்டேன் என்று சொன்ன பாட்டி.

துண்டைக் கழற்றி மூன்று நாள் ஊறவைத்துக் கொடுத்தேன். இப்போது திண்ணையில் அதற்கென்று ஒரு தனிக் குடம் இருக்கிறது. மூடியில் பெயிண்டால் 'ஓணான் தண்ணீர்' என்று எழுதியிருக்கிறார்கள். குழாயில் காவிரி வராத நாளில் மட்டும் காபிக்கு அதிலிருந்து மொண்டுகொள்கிறார்களாம்.